தாவாக்கட்டை ரிப்போர்ட்

நானும் ஸ்கேன் எடுக்கிறவன்தான். என்ன, நீங்கள் நினைக்கிற ஸ்கேன் இல்லை. துவாக்குடிப் பக்கம் ஒரு பேப்ரிகேஷன் ஷாப்பில், பாய்லர் குழாய்களின் வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிற இன்ஸ்பெக்டர். லெவல் டூ சர்டிஃபிகேட் உண்டு. அதை லேமினேட் பண்ணி ஹாலில் மாட்டியிருக்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வர உதவும்.

பெண் பார்க்கப் போனபோது தரகர் "மாப்பிள்ளை ஸ்கேன் எடுக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நானும் திருத்தவில்லை. பெண்ணின் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பித்தப்பையில் கல் என்று சொல்லி ஒரு பழைய ஃபிலிமை நீட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "பயப்பட ஒண்ணுமில்லங்க பெரியம்மா" என்றேன். அடுத்த மாதம் அவருக்கு ஆபரேஷன்.

அந்த மாப்பிள்ளைதான் மனைவியின் 20-வது வாரத்தில், அனாமலி ஸ்கேனுக்குத் துணைக்குப் போனான். 18-லிருந்து 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைத் தலை முதல் கால் வரை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிற ஸ்கேன் அது. மற்ற கணவன்மார்கள் கோவிலுக்குப் போய்விட்டு வருவார்கள். நான் ஆபீஸ் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

"அங்க வந்து வாயைத் திறக்காதீங்க" என்றாள் மனைவி, ஆட்டோவில் ஏறும்போதே. தில்லைநகரில் இறங்கும்போது இன்னொரு தரம் சொன்னாள். ஸ்கேன் ரூமுக்குள் நான் நாலு நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

டாக்டர் வயிற்றில் ஜெல்லைப் பிதுக்கினார். "என்ன கப்ளண்ட் மேடம் யூஸ் பண்றீங்க?" என்றேன். புரோபுக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே இறங்காது, அதற்குத்தான் ஜெல். எங்கள் ஷாப்பில் அதே வேலைக்கு கிரீஸ். இரும்புக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடும், சதைக்குள் 1,540 மீட்டர்தான் என்ற விஷயத்தையும் அவரோடு பகிர்ந்துகொண்டேன். "அப்படியா சார்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மானிட்டர் மறைக்குது" என்றார்.

தள்ளி நின்று கவனித்தேன். ஒன்றும் புரியவில்லை. எங்கள் மெஷினில் பச்சைக் கோடு ஒன்று போகும், கோளாறு இருந்தால் எகிறும். இங்கே ஆடி மாதப் புழுதிக்காற்று மாதிரி ஒரு படம். நடுவில் கறுப்பாக, உருண்டையாக ஒன்று தெரிந்தது. "ஹார்ட் நல்லாயிருக்கே மேடம்" என்றேன். "அது வயிறு சார்."

"ஓகே ஓகே. அவன் மூஞ்சி எப்ப தெரியும்?" என்று கேட்டேன். டாக்டர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம் என்று போர்டு. 1994-ல் வந்த சட்டம். நான் கேட்கவில்லை மேடம், 'அவன்' என்பது எனக்கு வாயில் வந்த ஒரு பொதுச்சொல் என்று விளக்க ஆரம்பித்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூளை, முதுகெலும்பு, கிட்னி, கை, கால் எல்லாம் ஆயிற்று. முகம் மட்டும் சிக்கவில்லை. குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு, கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தது. "ஏதாவது ஸ்வீட்டா சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா, திரும்பும்" என்றார் டாக்டர். மனைவி மாம்பழ ஜூஸ் குடித்தாள். பதற்றத்தில் நான் இரண்டு சமோசாவும் ஒரு பால்கோவாவும் சாப்பிட்டேன். குழந்தை அசையவில்லை. எனக்கு மட்டும் வயிற்றுக்குள் ஏதோ திரும்பியது.

நடக்கிற நேரத்தில் அவளை உற்சாகப்படுத்த வேண்டாமா? இந்த மெஷினுக்குத் தாத்தா எங்கள் மெஷின்தான் என்று ஆரம்பித்தேன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். இயான் டொனால்ட் என்று ஒரு மகப்பேறு டாக்டர். 1955-ல், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு நேராக ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். வெல்டிங் கோளாறு பார்க்கிற மெஷினில் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் பக்கத்தில். அங்கே கிடைத்த எக்கோதான் 1958-ல் 'லான்செட்' பத்திரிகைக் கட்டுரையாகி, உலகம் முழுக்கப் பிரசவ ஸ்கேன் ஆயிற்று. மனைவி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதாவது என்னைப் பாய்லருங்கறீங்க" என்றாள்.

மறுபடி உள்ளே போனோம். குழந்தை திரும்பியிருந்தது. நெற்றி, மூக்கு, உதடு என்று புரோபை நகர்த்திக்கொண்டே வந்த டாக்டர், ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினார். முன்னே போனார். பின்னே வந்தார். திரும்ப அதே இடம். புரோபைச் சாய்த்தார், நிமிர்த்தினார், படத்தை உறையவைத்து இரண்டு புள்ளிகள் வைத்தார். அழித்தார். மறுபடி வைத்தார்.

இந்த மௌனம் எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக நான் வெல்டர்களுக்குக் கொடுத்துவருவது இதைத்தான். பேசாமல் ஒரே இடத்தில் புரோபை உரசிக்கொண்டிருப்பேன், அந்த மனுஷன் என் பக்கத்தில் கிளவுஸைப் பிசைந்துகொண்டு நிற்பார். அது எனக்கு உள்ளூர ஒரு சுகம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நான் வெல்டர். பிசைய கிளவுஸ்கூட இல்லை.

"கீழ்த்தாடை கொஞ்சம் சின்னதா, உள்ளடங்கின மாதிரித் தெரியுது. இது சந்தேகம்தான். பொசிஷனும் சரியில்ல. ரெண்டு வாரம் கழிச்சு ஃபீட்டல் மெடிசின் டாக்டர்கிட்ட ஒரு தரம் பார்த்துடலாம்" என்றார். தாடை சின்னதாக இருந்தால் மைக்ரோநேதியா, பின்தள்ளி இருந்தால் ரெட்ரோநேதியா. நான் எல்லாம் தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு, மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். ஜெல் துடைத்த கை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி அழிந்திருந்தது. மிச்சத்தை வைத்து 'மைக்ரோ நாட்டியா' என்று தேடினேன். உறையூரில் இரண்டு பரதநாட்டிய வகுப்புகள் வந்தன. ஒன்றில் முதல் மாதம் ஃபீஸ் இல்லை.

சரியான ஸ்பெல்லிங் ராத்திரி பதினொரு மணிக்குப் பிடிபட்டது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கும். தலைவலி என்று தேடப் போய் விடிவதற்குள் உயில் எழுதுகிற நிலைக்கு வந்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

முதலில் வந்தது பியர் ராபின் சீக்வென்ஸ். ராபின் என்றதும் எனக்குத் துணிக்குப் போடுகிற நீலம்தான் ஞாபகம் வந்தது. இவர் பிரான்ஸ் நாட்டுப் பல் டாக்டர். சின்னத் தாடையோடு பிறக்கிற குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கிறது என்று 1923-ல் எழுதியவர். சுமார் 8,500-லிருந்து 14,000 பிறப்புக்கு ஒன்றுதான் இப்படி வருமாம். ஒரு குலுக்கலில்கூட எவர்சில்வர் டம்ளர் விழாதவன் நான். இது நிச்சயம் எனக்குத்தான் விழும் என்று தெரிந்துவிட்டது.

சீக்வென்ஸ் என்றால் ரயில்பெட்டி மாதிரி, ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போவது. தாடை வளராவிட்டால் நாக்குக்கு இடம் போதாது. நாக்கு கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். வாயின் மேற்கூரை, அதாவது அண்ணம், இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டாக வளர்ந்து நடுவில் ஒட்ட வேண்டியது. நாக்கு குறுக்கே நின்றால் எப்படி ஒட்டும்? அண்ணப் பிளவு. பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தேன். இதற்கு எங்கள் தொழிலில் பெயர் இருக்கிறது: லாக் ஆஃப் ஃப்யூஷன். ஒட்டவேண்டிய இரண்டு ஓரம் ஒட்டாமல் போவது. விஷயம் புரிந்துவிட்ட சந்தோஷம் ஒரு அரை நிமிடம் இருந்தது. அப்புறம்தான் என்ன புரிந்தது என்று புரிந்தது.

ஒரு மணிக்கு ஸ்டிக்லர். ஒன்றரைக்கு ட்ரீச்சர் காலின்ஸ். இரண்டு மணிக்கு 18-வது க்ரோமோசோம். மூன்று மணி ஆனபோது குழந்தைக்கு ஐந்து சிண்ட்ரோம் இருந்தது, எனக்கு இரண்டு. தாடை தனியாகச் சின்னதாக இருந்து, கூட வேறு கோளாறு இல்லாவிட்டால், கவனமாகப் பார்த்துக்கொண்டால் குழந்தைகள் நன்றாக வளர்வார்கள் என்பதும் அதே பக்கங்களில் இருந்தது. கடைசிப் பத்தியில். நான் எதையும் கடைசிவரை படிக்கிற ஆள் இல்லை.

மறுநாளிலிருந்து உலகத்தில் எனக்குத் தாடைகள் மட்டுமே தெரிந்தன. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தாடை, டீக்கடை மாஸ்டர் தாடை, திருவெறும்பூர் ரயில்வே கேட்டில் நிற்கிற ஆட்டோக்காரர் தாடை. முகத்தைப் பக்கவாட்டில் எடுத்து, மூக்கு தொடங்கும் இடத்தில் நெற்றிக்குச் செங்குத்தாக ஒரு கோடு, உதட்டிலிருந்து மோவாய்க்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணம் சுமார் 50 டிகிரிக்குக் கீழே போனால் தாடை உள்வாங்கியிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள். கருவுக்கான கணக்கு அது. நான் ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானியை வைத்துக் காலண்டரில் இருந்த முருகனை அளந்தேன்.

முருகனுக்கு நார்மல். அடுத்ததாக, தூங்கிக்கொண்டிருந்த மனைவியை அளக்கலாம் என்று குனிந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள். கையில் பாகைமானியோடு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒருவன் முகத்துக்கு மேலே குனிந்து நிற்பதற்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது. "நாளைக்கு எங்க அம்மாவை வரச் சொல்லுங்க" என்றாள்.

மாமியார் வந்தார். அவர் வந்தது தெரிந்து என் அம்மாவும் வந்தார். தாடையா, தாவாக்கட்டையா, மோவாயா, எது சின்னது என்று முதலில் ஒரு விவாதம் நடந்தது. "தாவாக்கட்டைதான் சம்பந்தி, தாடைன்னா பக்கவாட்டு" என்றார் அம்மா. பதினோரு வருட இன்ஸ்பெக்ஷன் அனுபவம் உள்ள நான், கோளாறு இருப்பதாகச் சொல்லப்படுகிற பாகத்தின் பெயரே தெரியாமல் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கிரகணம். "கிரகணத்தன்னிக்கு வெளிய கிளிய போனியாடி? கத்தியில எதையாச்சும் நறுக்கினியா?" என்று மாமியார் விசாரித்தார். எனக்கு வந்ததே கோபம். கிரகணத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அண்ணம் மூடுகிற வேலை மூணு மாசத்தோடு முடிந்துவிடுகிறது, சூரியனை எது மறைத்தால் அதற்கென்ன என்று கையை ஆட்டிப் பேசினேன். எல்லோரும் அடங்கிவிட்டார்கள். பிறகு பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அந்த மூணு மாசத்தில் கிரகணம் வந்ததா என்று போனில் பார்த்தேன்.

ஷாப்பில் நான் டிரெய்னிகளுக்கு வகுப்பும் எடுப்பேன். அந்த வாரம் ஒரு பையன் ஸ்கிரீனில் எக்கோ எகிறுவதைப் பார்த்துவிட்டு, "சார்! கிராக் சார்!" என்று கத்தினான். எனக்கு இது மனப்பாடம். "தம்பி, ஸ்கிரீன்ல தெரியறதுக்குப் பேரு இண்டிகேஷன். டிஃபெக்ட் இல்ல. ரூட் கொஞ்சம் துருத்தியிருந்தாலும் எக்கோ வரும், உன் புரோப் கோணலா இருந்தாலும் வரும். ஆங்கிளை மாத்து, அந்தப் பக்கத்துலேர்ந்தும் பாரு. அப்புறமா வாயைத் திற." பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். என் பாக்கெட்டில் போன், அதில் திறந்து வைத்த பதினாலு தாடைப் பக்கங்கள்.

எழுதிக்கொண்டவன் அவன்தான், நான் இல்லை. அன்று சாயங்காலம் நானே ஒரு ஜாயிண்டை ரிஜெக்ட் பண்ணினேன். சாக்பீஸால் வட்டம் போட்டு 'ரிப்பேர்' என்று எழுதிவிட்டேன். வெல்டர் கிரைண்டர் வைத்து இரண்டு மணி நேரம் தோண்டினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "சார், உள்ள ஒண்ணுமே இல்ல சார். தங்கமா இருக்கு." நல்ல ஜாயிண்ட். இப்போது அதில் ஒரு குழி.

இரண்டு வாரம் கழித்து ஃபீட்டல் மெடிசின் டாக்டர். வயதானவர், அவசரமில்லாதவர். ஐடி கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். மனைவி என் சட்டைப்பையைத் தடவி, பாகைமானி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே உள்ளே விட்டாள்.

"பாருங்க" என்று அவர் மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். முகத்தைச் சரியாக நடுவில் இரண்டாக வகுத்த மாதிரி வெட்டு கிடைக்க வேண்டும். நெற்றி, மூக்கெலும்பு, உதடு, மோவாய் எல்லாம் ஒரே கோட்டில். வெட்டு துளி சாய்ந்தாலும் மோவாய் படத்திலிருந்து நழுவிவிடும், நல்ல தாடையும் சின்னதாகத் தெரியும். அதனால்தான் கோணத்தை மாற்றி மாற்றி, த்ரீடியிலும் வைத்து, மறுபடி பார்க்கிறோம் என்றார். புரோப் கோணல். ஆங்கிளை மாத்து. நான் அந்த டிரெய்னிப் பையனை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அப்புறம் அளந்தார். தாடையின் முன்பின் நீளத்தைத் தலையின் குறுக்களவால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். 23-க்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும். எங்களுக்கு அதற்கு ஒரு புள்ளி மேலே. நான் பத்தாவது கணக்குப் பரீட்சையில் பாஸான கதையும் இதேதான்.

"தண்ணி அளவு சரியா இருக்கு. குழந்தை முழுங்குது, பாருங்க. முழுங்க முடியலைன்னா பனிக்குட நீர் ஏறிக்கிட்டே போகும். வயிறும் நிறைஞ்சிருக்கு." கறுப்பாக, உருண்டையாக ஒன்றைக் காட்டினார். "வயிறு" என்றேன், கேட்பதற்கு முன்பே. இந்த ஸ்கேன்களில் நான் சரியாகச் சொன்ன ஒரே விஷயம். யாரும் கவனிக்கவில்லை.

"ஆனா தாடை சின்னதுதான். பின்னண்ணம் முழுக்க ஸ்கேன்ல தெரியாது, பிறந்த பிறகுதான் விரல் வச்சுப் பார்க்கணும்." அவர் நிறுத்தினார். நானாவது நிறுத்தியிருக்கலாம். "மொத்தத்துல என்ன டாக்டர்? ஆக்செப்டா, ரிஜெக்டா?" என்று கேட்டேன்.

பழக்கதோஷம். ரிப்போர்ட்டில் கடைசிக் கட்டத்தில் நான் தினம் டிக் போடுகிற இரண்டு வார்த்தை. ரூமில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. மனைவி படுத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றாள். போனேன். வாட்டர் கேன் காலி.

திரும்பி வந்தபோது டாக்டர் பேச்சை மாற்றியிருந்தார். "வீட்ல யாருக்காவது இந்த மாதிரித் தாடை உண்டா? சில குடும்பத்துல சாயலே அப்படி இருக்கும்." மனைவிக்கு லட்சணமான மோவாய், குழியோடு. மாமனார், மாமியார் இரண்டு பேருக்கும் உளி வைத்துச் செதுக்கின தாடை. டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "சார், தாடியை எடுத்தா நீங்க எப்படி இருப்பீங்க?"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் ஒரு சலூன்காரர் என்னை முழுக்க ஷேவ் பண்ணிவிட்டு, கண்ணாடியில் பார்த்து, "தாடி வச்சுக்கங்க தம்பி, அதான் நல்லாருக்கும்" என்றார். அவர் குரலில் இருந்த பரிவை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து தாடி. எனக்குக் கழுத்தும் முகமும் நடுவில் அறிவிப்பில்லாமல் சேர்ந்துகொள்ளும். கல்யாணத்துக்கு முன்பு தாடி எதற்கு என்று மனைவி கேட்டபோது, "ஸ்டைலு" என்றிருக்கிறேன்.

பத்து நாள் ஊரார் தாடையை எல்லாம் அளந்தேனே, கண்ணாடியை ஒரு தரம் பார்த்தேனா?

தாடியில்லாத போட்டோ ஒன்று கொண்டுவரச் சொன்னார் டாக்டர், அதுவும் பக்கவாட்டில். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் நேர் முகம், உதவாது. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும்போது அருமையான பக்கவாட்டு முகம், தாடியோடு. கடைசியில் அம்மாதான் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தார். என் காதுகுத்து. மொட்டைத் தலை, சந்தனம், தாய்மாமா மடி, ஆசாரி காதைப் பிடித்திருக்கிறார், நான் வாயைப் பிளந்து அழுகிறேன். காதைக் காட்டத் திருப்பியதில் நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் ஒரே கோட்டில். டாக்டர்கள் தவமிருந்து எடுக்கிற வெட்டு. அந்தக் காலத்து ஊர் ஸ்டூடியோக்காரர் ஒரே கிளிக்கில் எடுத்திருந்தார். மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் மாமாவின் வேட்டி தெரிந்தது.

"உனக்கும் பிறந்தப்ப இப்படித்தாம்ப்பா" என்றார் அம்மா. "பால் குடிக்கவே மூணு மாசம் பாடாப் படுத்தினே. வளர வளர சரியாயிடும்னு நர்ஸம்மா சொன்னாங்க." அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

அடுத்த தரம் போனபோது டாக்டர் போட்டோவை வாங்கிப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சிக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். சாயலாக இருக்கலாம், அதற்காக விட்டுவிட முடியாது, பனிக்குட நீரை ஊசியில் எடுத்து க்ரோமோசோமும் பார்த்துவிடலாம் என்றார். மனைவி சரி என்றாள். ஊசி அவளுக்கு, மயக்கம் எனக்கு. ஒரு நர்ஸ் அவளை விட்டுவிட்டு என்னைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ரிசல்ட் நார்மல். 28-வது வாரத்திலும் 32-வது வாரத்திலும் மறுபடி ஸ்கேன். தாடை தன் பாட்டுக்குச் சின்னதாகவே வளர்ந்துகொண்டிருந்தது. பச்சிளங்குழந்தை டாக்டர் எப்போதும் இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்கூட்டியே தெரிவதில் இருக்கிற முக்கியமான லாபம் இதுதான்: குழந்தைக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் தயாராக நிற்பார். நானும் தயாரானேன், பதினெட்டுப் பக்கம் பிரிண்ட் அவுட்டோடு.

பிரசவத்தன்று குழந்தை அழுத அழுகை கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. மூச்சுக்குழல் கிளியர் என்று எனக்கே தெரிந்தது. குழந்தை டாக்டர் கிளவுஸ் விரலை வாய்க்குள் விட்டு அண்ணத்தை நுனியிலிருந்து கடைசிவரை தடவிப் பார்த்திருக்கிறார். பிளவு இல்லை, முழுசாக இருக்கிறது. விரல் நுனியால் தடவி ஒரு நொடியில். மெஷின் எதுவும் இல்லாமல். லெவல் டூ சர்டிஃபிகேட்டை ஹாலிலிருந்து கழற்றலாமா என்று முதல்தடவையாக யோசித்தேன்.

நர்ஸ் வெளியே வந்ததும் பிரிண்ட் அவுட்டைப் பிரித்தேன். "சிஸ்டர், அவனைக் குப்புறப் படுக்க வச்சா நாக்கு முன்னாடி வரும், அதனால..." என்று ஆரம்பித்தேன். "சார், டாக்டர் சொல்லாம குப்புறப் போடக் கூடாது. முதல்ல நீங்க கையைக் கழுவிட்டு வாங்க" என்றார். நாலு எட்டு போய்விட்டுத் திரும்பினார். "அப்புறம் சார், அவன் இல்ல. பொண்ணு."

முதல் ஒரு மாதம் பால் குடிப்பது நிதானமாகத்தான் நடந்தது. கொஞ்சம் குடிப்பாள், ஓய்வெடுப்பாள், மறுபடி குடிப்பாள். ஒரு தரத்துக்கு முக்கால் மணி நேரம். எடை வாராவாரம் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். ஏறியது. கவலையில் எனக்கும் ஏறியது.

பார்க்க வருகிற சொந்தங்கள் எல்லாம் தொட்டிலில் குனிந்து, "கண்ணு அம்மா மாதிரி, நெத்தி தாத்தா மாதிரி" என்று பங்கு பிரிப்பார்கள். தாவாக்கட்டைக்கு வரும்போது யார் சாயல் என்று பிடிபடாமல் பேச்சு நின்றுவிடும். இரண்டு குடும்பத்திலும் தேடிப் பார்ப்பார்கள். குழந்தை யாருடைய தாடையோடு வந்திருக்கிறாள் என்று ஊருக்கே தெரியவில்லை. தெரிந்தவன் தாடியைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மூணாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போய், முழுக்க எடுத்துவிட்டு வந்தேன். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு வீரம். வாசலில் நின்றேன். மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பேசவில்லை. கண் நெற்றியிலிருந்து இறங்கி மூக்குக்கு வந்தது, உதட்டுக்கு வந்தது, அங்கே நின்றது. முன்னே போனது. பின்னே வந்தது. என்னைக் கொஞ்சம் திரும்பச் சொல்லி, பக்கவாட்டிலும் பார்த்தாள். குனிந்து குழந்தையைப் பார்த்தாள். மறுபடி என்னை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"பாப்பாவுக்கு அழகா இருக்கு" என்றாள். "நீங்க வளர்த்துடுங்க."